பூனைக்குப் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர்

வடக்கனந்தலில் உட்கார்ந்துகொண்டு உல்லன் நூலில் ஸ்வெட்டர் பின்னுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சித்திரை வெயிலில் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, மடியில் நூலுருண்டையைப் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கப் பின்னுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். எதிர்வீட்டு அம்மா நேராகவே கேட்டுவிடுவார்.

"இன்னாம்மா, வேர்வை பத்தலன்னு இத்த வேற மாட்டிக்கப் போறியா?"

எதிர்வீட்டு அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் எந்த நாளில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். வாய்க்கு வாய் பதில் சொல்கிற எனக்கே அவரிடம் கொஞ்சம் பயம் உண்டு. அதனால் சண்டைக்குப் போகாமல், "இது எனக்கு இல்லீங்க, மலைக்கு" என்று மட்டும் சொல்லி வைப்பேன்.

மலைக்கு என்றால் என் தங்கைக்கு என்று அர்த்தம். அவள் வெள்ளிமலையில் பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் வீட்டுக்காரர் அங்கேயே ஜீப் ஓட்டுகிறார். எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தால் கல்வராயன் மலை பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் பஸ் வளைந்து வளைந்து மேலே ஏறிவிட்டால் அது வேறு ஊர். இங்கே போர்வை தேடாத மாதத்தில் அங்கே பல் தந்தியடிக்கும். வேலைக்குப் போன புதிதில் அவள் போனில், "அக்கா, குளுரு தாங்கலக்கா" என்று சொன்னாள். அன்றைக்குத்தான் கள்ளக்குறிச்சி ஃபேன்சி கடையில் நூலும் ஊசியும் வாங்கினேன். செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

முதல் ஸ்வெட்டரில் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் வந்துவிட்டது. பிரித்துப் பின்னித் தருகிறேன் என்றால் அவள் விடவில்லை. அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். "ஒரு கை மட்டும் ஏன் டீச்சர் நீளமா இருக்குது?" என்று பிள்ளைகள் கேட்டார்களாம். "அது போர்டு அழிக்கிற கை" என்றாளாம். அப்படிப்பட்டவள் அவள். எனக்கு வருகிற கோபத்தில் பாதி அவளுக்கு வந்திருந்தால்கூட எங்கள் குடும்பத்தில் யாரும் நிம்மதியாக இருந்திருக்க முடியாது. நல்லவேளை, சிரிப்பு மொத்தமும் அவளுக்குப் போய்விட்டது.

பின்னல் பழகிய அதே வருஷம்தான் பூனைகளும் வந்து சேர்ந்தன. இரண்டும் பெண், ஒரே ஈற்று. பெயர் வைத்துக் கொஞ்சுகிற பொறுமை எனக்கு இல்லை. பெரியவள், சின்னவள், அவ்வளவுதான். பெரியவள் கறுப்பு, நல்ல பருமன், திருட்டில் மகா கெட்டிக்காரி. சின்னவள் சாம்பல் நிறத்தில் வரி போட்டவள். ஒல்லியாக இருந்துகொண்டு வாலை மட்டும் பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரிவாள்.

நூலை எங்கே ஒளித்தாலும் பெரியவள் கண்டுபிடித்துவிடுவாள். அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். மூடியைத் தலையால் முட்டித் தள்ளி எடுத்துவிட்டாள். பீரோவில் வைத்துப் பூட்டினேன். பூட்டுவதற்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நூல் நாற்காலிக் கால்களைச் சுற்றி, கிரைண்டரைச் சுற்றி, கட்டிலுக்கு அடியில் நுழைந்து, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் வந்திருந்தது. கடைசி முனை பெரியவள் வாயில். துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போன நான் அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை நீள நூலில் ஒரு முடிச்சு விழவில்லை. நான் பொறுமையாகச் சுற்ற உட்கார்ந்தாலே ஆயிரம் சிக்கு விழும். என் வீட்டுக்காரர் வரப்பு வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, "அதுங்கிட்ட ஊசிய குடுத்துடு. உன்ன விட நல்லா பின்னும்" என்றார். திட்டத்தான் வாயெடுத்தேன், ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

இனி நான் சொல்லப் போவது என் தங்கையின் வயிற்றைப் பற்றி. அவளுக்கு முதல் கரு ஐந்தாம் மாதமே கலைந்துவிட்டது. இரண்டாவது முழு மாதம் இருந்து பிறந்தது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. அந்த முறை எட்டாம் மாதத்தில் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஒரு ரோஸ் கலர் கவுன் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்தாள். எங்கள் பக்கம் பிள்ளை பிறக்கிற வரைக்கும் பிள்ளைக்கென்று ஒரு துணிகூட வாங்க மாட்டார்கள். பிறந்த பிறகும் முதலில் புதுசு போட மாட்டார்கள். பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து அதில்தான் சுற்றுவார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும், துக்கம் விசாரிக்க வந்த வாயெல்லாம் அந்தக் கவுனைத்தான் பேசியது. டாக்டர் சொன்ன காரணம் யார் காதிலும் ஏறவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கவுனை அடுப்பில் போடப் போனேன். அவள்தான் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். லீவு முடிந்து மலைக்குப் போனபோது அதையும் பையில் வைத்து எடுத்துப் போனாள். அங்கே தன் வகுப்புப் பையனின் குட்டித் தங்கச்சிக்கு அவளே போட்டுவிட்டு, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். "பாப்பாவுக்கு எப்டி இருக்குது பாருக்கா" என்று கீழே எழுதியிருந்தாள். என்னால் அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. என் தங்கையைப் போல ஒரு மனுஷியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

மூன்றாம் முறை உண்டானபோது அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா இல்லாததால் அவளுக்கு என் வீடுதான் தாய்வீடு. கையில் வளையல் குலுங்க வீட்டுக்குள் நடப்பாள், நான் செய்ததையெல்லாம் குறை சொல்லாமல் சாப்பிடுவாள், பூனைகளோடு பேசுவாள். வயிற்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். "குழந்தை" என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே வராது. டாக்டரிடம் போய் வந்தால்கூட "எல்லாம் சரியா இருக்குதாம்" என்பாள். எது சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டாள். நானும் கேட்க மாட்டேன்.

எனக்கோ கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பிறந்து மூன்று மாதம் கழித்து அது மலைக்குப் போயாக வேண்டும். பனி பெய்கிற ஊருக்கு வேட்டித் துணியில் சுற்றியா அனுப்புவது? எனக்கு இந்தச் சட்டதிட்டத்தில் எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லை என்று வாயால் சொல்வது வேறு, தங்கையின் வயிற்றை வைத்துப் பரீட்சை பார்ப்பது வேறு. அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. ஊசியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் வாசற்படியில் உட்கார்ந்து சின்னதாக ஊசியில் நூல் கண்ணிகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மா வந்து நின்றார்.

"யாருக்கும்மா இது, இத்துனூண்டா?"

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் சின்னவள் காலை நக்கிக்கொண்டிருந்தாள். "பூனைக்குங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த என் தங்கையையும் ஒரு பார்வை பார்த்தார். வந்தது வினை என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னிய பாகத்தைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்தார்.

"பூனைக்குன்னா தலை வழியா மாட்றது கஷ்டம்மா. முன்னாடி தொறந்தா மாரி பண்ணி பொத்தான் வையி. படுக்க வெச்சே மாட்டிடலாம்."

எந்த ஊரில் பூனையைப் படுக்க வைத்துச் சட்டை மாட்டுவார்கள்? அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் சொல்கிறார். இத்தனை நாள் நான் பயந்துகொண்டிருந்த அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது. "அக்கா, எந்தக் கலர்ல போடற?"

"வெள்ளையில ஆரம்பிச்சிருக்கேன்."

"வெள்ள சீக்கிரம் அழுக்காயிடும்க்கா. மஞ்சள்ல போடு. நம்ம பூனைக்கு மஞ்சள் நல்லா இருக்கும்."

போட்ட வரைக்கும் பிரித்துவிட்டு மஞ்சள் நூலில் மறுபடி ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுத்தான். பூனைக்குக் கை இவ்வளவு நீளம் போதுமா, பூனைக்குக் கழுத்தில் உறுத்தாதா, பூனை வளர்ந்துவிட்டால் பத்துமா. என் வீட்டுக்காரர்கூடச் சாப்பிட்டுக்கொண்டே, "பூனைக்கு ஒரு பாக்கெட் வெச்சி குடேன்" என்றார். தங்கை சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். கை மட்டும் வயிற்றின் மேல் இருக்கும்.

சொன்ன வார்த்தை பொய்யாகிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. பூனைக்கு என்று சொல்லிவிட்டு ஒரு தடவையாவது பூனைக்குப் போட்டுப் பார்க்காவிட்டால் எப்படி? அதனால் நாலு வரிசை பின்னினால் ஒரு தடவை சின்னவளைப் பிடித்து அளவு பார்ப்பேன். ஒல்லிப் பூனையின் மார்பும் பச்சைப் பிள்ளையின் மார்பும் ஏறக்குறைய ஒரே அளவு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெரியவள் சும்மா இருப்பாளா? தன் தங்கச்சிக்கு மட்டும் நடக்கிற இந்த உபசாரத்தைப் பார்த்துவிட்டு, நான் திரும்புகிற நேரம் பார்த்து ஊசியை உருவிவிடுவாள். அப்படி உருவினால் கண்ணியெல்லாம் கழன்றுவிடும். ஒரு முறை ஸ்வெட்டரின் பாதி முதுகு போயே போய்விட்டது. நான் போட்ட கூச்சலுக்கு அவள் அசையவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, இன்னும் நன்றாகப் பின்னேன் என்பது போல உட்கார்ந்திருந்தாள். மறுபடி பின்னியபோது முதுகு முன்பைவிட நன்றாகத்தான் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசிப் பொத்தானைத் தைத்த அன்று காலை எல்லோரும் கூடத்தில் இருந்தோம். எதிர்வீட்டு அம்மாவும் வந்திருந்தார். சின்னவளை மடியில் போட்டு, முன்னங்கால்களைக் கைக்குள் நுழைத்து, பொத்தான்களைப் போட்டேன். மஞ்சள் ஸ்வெட்டரில் அவள் அப்படி ஒரு அழகு. ஒரு நிமிஷம் எங்களுக்குக் காட்சி கொடுத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து வாசலில் பால்காரர் வண்டியின் ஹாரனை அடித்தார். அவ்வளவுதான், சின்னவள் ஜன்னல் வழியாகப் பாய்ந்து, முருங்கை மரத்தில் ஏறி, சுவரைத் தாண்டி, மஞ்சள் ஸ்வெட்டரோடு தெருவில் ஓடினாள். தெருநாய்கள் குரைக்கக்கூட மறந்து பார்த்துக்கொண்டு நின்றன. பால்காரர், "இன்னாங்க, உங்க பூனை யூனிபாரம் போட்டுக்கினு இஸ்கூலுக்குப் போவுது!" என்று கத்தினார்.

என் தங்கை சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா" என்றாள். புடவை நனைந்திருந்தது. டாக்டர் குறித்த நாளுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மலையிலிருந்து அவள் வீட்டுக்காரர் ஜீப்பை எப்படித்தான் ஓட்டிக்கொண்டு இறங்கினாரோ, அவரும் வந்து சேர்ந்தார். அன்று சாயந்திரம் பெண் பிறந்தது. குரல் இருந்தது. எடைதான் கம்மி. உடனே கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். போன தடவையும் பிறந்ததும் இப்படித்தான் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

தங்கை கட்டிலில் மேலே பார்த்தபடி படுத்திருந்தாள். அழவில்லை. நான் பக்கத்தில் போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, பூனை வந்துதா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்டது பூனையைத்தான். ஆனால் எனக்குத் தெரியும்.

"வந்துடும்" என்றேன். "எங்க போயிடப் போவுது? நல்லா ஓடுது, நல்லா கத்துது. வந்துடும்."

மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே கேள்விதான், அதே பதில்தான். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்து அவளிடம் பூனையைப் பற்றிச் சொல்வேன். பூனை கொஞ்சம் பால் குடித்ததாம், பூனை காலை உதைக்கிறதாம். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். பெண்களின் தைரியத்தைப் பற்றி யார் யாரோ எவ்வளவோ பேசுகிறார்கள். நான் பார்த்த தைரியம் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு பூனையை விசாரித்தது.

அப்புறம் ஒரு காலையில் நர்ஸ் வந்தார். பிள்ளை தேறி வருகிறது, இன்றைக்குத் தாயின் நெஞ்சோடு அணைத்துப் படுக்க வைக்கப் போகிறோம் என்றார். "உடம்புச் சூடு போகக் கூடாது. முன்பக்கம் திறக்குற மாதிரி ஸ்வெட்டர், தொப்பி, சாக்ஸ் எல்லாம் எடுங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பையில் துவைத்து மடித்த பழைய வேட்டித் துணிகள்தான் இருந்தன.

"ஒண்ணுமே வாங்கலையா? இத்தனை பேர் இருக்கீங்க, எல்லாரும் வெறுங்கையோடவா வந்தீங்க?" என்று நர்ஸ் சத்தம் போட்டார். நியாயம்தான். பயந்துகொண்டுதான் வாங்கவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? "மத்தியானத்துக்குள்ள கொண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் வாங்கலாம் என்று என் வீட்டுக்காரர் கிளம்பினார். தங்கை தலையைத் திருப்பி, "அந்த மஞ்சள்தான்" என்றாள். அவர் கடைக்குப் போகாமல், தங்கை வீட்டுக்காரரோடு ஜீப்பில் ஏறிக்கொண்டு ஊருக்குப் போனார். நான் என் கைப்பையில் கிடந்த மீதி நூலையும் ஊசியையும் எடுத்து ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து தொப்பி பின்ன ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்த ஒருத்தி யாருக்கு என்று கேட்டாள். "எங்க பாப்பாவுக்கு" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே திக்கென்றது. ஆனால் கை நிற்கவில்லை.

ஊரில் நடந்ததை அப்புறம் சொன்னார்கள். ஆண்கள் இரண்டு பேரும் கரும்புக் காட்டிலும் மக்காச்சோளக் கொல்லையிலும் புகுந்து, அன்று ஓடிப்போய் இன்னும் வீடு திரும்பாத அந்த ஒல்லிப் பூனையைத் தேடோ தேடென்று தேடியிருக்கிறார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம், ரைஸ் மில்லில் பார்த்தேன், கோயில் மதில் மேல் பார்த்தேன் என்று ஆளுக்கு ஒரு இடம் சொல்லியிருக்கிறார்கள். கால் ஓய்ந்து வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் நின்ற ஜீப்பின் சூடான பானெட் மேல் மஞ்சள் ஸ்வெட்டரோடு ஒய்யாரமாகப் படுத்திருக்கிறாள் சின்னவள். ஒரு பொத்தான்கூட அறுந்துபோகவில்லை. கழற்றப் போன தங்கை வீட்டுக்காரரின் கையைத்தான் முழங்கை வரைக்கும் கீறிவிட்டாள்.

எதிர்வீட்டு அம்மா அதை வாங்கிச் சோப்புப் போட்டு, வெந்நீரில் மறுபடி மறுபடி அலசி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்தினார். ஜீப்பில் அவரும் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். வந்ததும் என்னிடம் காதோடு சொன்னார்.

"புதுசு போடக் கூடாதுன்னு நீ ஒண்ணும் ரோசன பண்ணாத. பூனை போட்டுக்கினு ஊரெல்லாம் சுத்தி இத்த பழசாக்கிடுச்சு. தாராளமா போடலாம்."

நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்தார். அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். என் உள்ளங்கையை விரித்தால் அதன் முதுகு அடங்கிவிடும். நர்ஸ் ஸ்வெட்டரை வாங்கி விரித்து, மூக்கருகே வைத்துப் பார்த்து, "நல்லாத் துவைச்சிருக்கீங்க. ஆனா போட்ட துணி மாதிரி இருக்கே. யாருது இது?" என்று கேட்டார்.

"பூனையுதுங்க" என்றார் எதிர்வீட்டு அம்மா. இத்தனை நாள் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

நர்ஸின் கை அப்படியே நின்றது. "பூனையுதா?"

நான் வெந்நீர், சோப்பு, இஸ்திரிப் பெட்டி என்று உளற ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் வேறு எதையோ சொன்னார். அதற்குள் கட்டிலில் தங்கை கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். ஸ்வெட்டருக்காகக் கையை நீட்டினாள்.

"பூனையுது இல்லீங்க" என்றாள். "எம் பொண்ணுது. எங்கக்கா எம் பொண்ணுக்குன்னு பின்னினது."

அப்படிச் சொன்ன பிறகுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே நர்ஸிடமிருந்து ஸ்வெட்டரையும் பிள்ளையையும் வாங்கி, பிள்ளையை மடியில் படுக்க வைத்து, கைகளை நுழைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக அவளே போட்டாள். பூனை அளவுக்குப் பின்னினது கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது. அதைத் திருத்தித் தருகிறேன் என்றால் அவள் விடவா போகிறாள்?

போன வாரம் வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் ஒரு பை வந்தது. உள்ளே அந்த மஞ்சள் ஸ்வெட்டர், துவைத்து மடித்து இருந்தது. கொஞ்ச நேரத்தில் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, எம் பொண்ணுக்கு இது பத்தலக்கா. கையே நொழைய மாட்டேங்குது. பெருசா ஒண்ணு பின்னிடு. இத்த பூனைக்கே குடுத்துடு."